ஒரு குட்டி நாய் குறைகிறது

போன ஐப்பசியில் என் மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலரை வயது. மருந்து கொடுத்தால் இரண்டு மணி நேரம் இறங்கும், மறுபடி ஏறும். இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "கதை சொல்லுப்பா" என்றாள். என் கையிருப்பெல்லாம் முதல் நாளே தீர்ந்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் இருந்த மாமாவின் புத்தகங்களில் ஒன்றை எடுத்தேன்.

மாமா ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். எண்பதுகளில் என்.சி.பி.எச். எங்கே புத்தகக் கண்காட்சி போட்டாலும் போய்விடுவார். அந்தக் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த புத்தகங்கள் அவை. கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ பொரிகடலை விலை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்தத் தகரப் பெட்டி அப்படியே எனக்கு வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தது தொண்ணூறுகளின் நடுவில். சோவியத் நாட்டில் அச்சிடப்பட்டது என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அப்படி ஒரு நாடே அப்போது இல்லை என்பது எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி கையில் அகப்பட்டது அலெக்சாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. அதில் அப்பா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேலைக்குப் போக ஆசைப்படுகிற கதை ஒன்று உண்டு. ராக்காவல்காரர் ஆக வேண்டும், ஐஸ்கிரீம் விற்க வேண்டும் என்று போய்ப் போய், ஒரு நாள் நாயாக ஆகிவிடுவது என்று முடிவு செய்கிறான். நாலு காலில் ஓடுகிறான், குரைக்கிறான். காலால் காதுக்குப் பின்னால் சொறிவதுதான் வரமாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் என் மகள் போர்வையை உதறிவிட்டுத் தன் காலைத் தூக்கிக் காதைத் தொட முயன்றாள். முடியவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். கதையின் கடைசியில் ஒரு பெரியவர் வந்து புத்திமதி ஒன்று சொல்வார். அவர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

தூக்கம் போன நான் முன்னுரையைப் படித்தேன். சின்ன வயதில் அதையெல்லாம் யார் படித்தது? இந்தக் கதைகளைத் தன் மகள் நோயாகப் படுத்திருந்தபோது அவளுக்கு ஆறுதலாகச் சொன்னதாக ரஸ்கின் எழுதியிருக்கிறார். அங்கே பிடித்த நூல்தான் அடுத்த மூன்று மாதம் என்னை லெனின்கிராடுக்கு இழுத்துக்கொண்டு போனது.

போவதற்கு முன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் குழந்தைகளுக்கான கதைச் செயலி ஒன்று செய்தோம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் 'இதிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?' என்ற கேள்வியும் நாலு விடைகளும் வரும். சரியான விடையைத் தட்டாமல் அடுத்த கதை திறக்காது. பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலையும் மாற்றி மாற்றித் தட்டிவிட்டு ஓடுகிறார்கள் என்பது டெஸ்டிங்கிலேயே தெரிந்தது. பெற்றோர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள். அந்தப் பூட்டுக்குக் கோடு எழுதியவன் நான்.

*

ரஸ்கினுக்கு நாற்பத்தைந்து வருஷம் முன்னால் இன்னொரு அப்பா, இன்னொரு நோயாளிப் பிள்ளை. கர்னேய் சுக்கோவ்ஸ்கி அப்போது பேர்பெற்ற இலக்கிய விமர்சகர். வால்ட் விட்மனை ரஷ்யனில் மொழிபெயர்த்தவர். குழந்தைகளுக்கு எழுதும் உத்தேசம் பெரிதாக இருந்ததில்லை. உடம்பு சரியில்லாத மகனை ரயிலில் ஊருக்குக் கூட்டிவரும்போது பையன் முனகிக்கொண்டே வர, அவனைச் சமாதானப்படுத்த, ரயில் ஓடுகிற தாளத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். பெத்ரோகிராத் தெருவில் சிகரெட் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு முதலை, அது விழுங்கிவிடும் போலீஸ்காரர், பொம்மைக் கத்தியோடு அதை எதிர்க்கும் ஒரு பொடியன். அர்த்தம் பார்க்க நேரமில்லை, தாளம் நின்றால் பையன் அழுவான். மறுநாள் காலையில் அவன் மறுபடி கேட்டபோதுதான் இது ஒரு பாட்டு என்பதே அவருக்கு உறைத்தது. 1917இல் அது 'முதலை' என்று அச்சேறியது.

புரட்சிக்குப் பிறகு, 1922இல், லெவ் க்ளியாச்கோ என்பவர் பெத்ரோகிராதில் 'ராதுகா' என்று ஒரு சிறிய தனியார் பதிப்பகம் தொடங்கினார். ராதுகா என்றால் வானவில். பிற்காலத்தில் தமிழ்ப் புத்தகங்களில் நாம் பார்த்த மாஸ்கோ ராதுகா வேறு, அது 1982இல் தொடங்கிய அரசு நிறுவனம். பேர் மட்டும் ஒன்று. க்ளியாச்கோவின் ராதுகாதான் சுக்கோவ்ஸ்கியின் குழந்தைப் பாடல்களையும் சமுயீல் மர்ஷாக்கின் பாடல்களையும் படப்புத்தகங்களாகப் போட்டது. அழுக்குப் பையனை அதட்டும் வாஷ்பேசின், காட்டு மிருகங்களையெல்லாம் மீசையைக் காட்டியே மிரட்டி ஆளும் கரப்பான்பூச்சி எல்லாம் 1923இல் வந்தவை. அந்தக் கரப்பானை ஒரு சிட்டுக்குருவி ஒரே கொத்தில் விழுங்கிவிடும். ஸ்டாலின் அன்றைக்கு மீசை வைத்திருந்த பல கட்சிக்காரர்களில் ஒருவர், அவ்வளவுதான். பதினைந்து வருஷம் கழித்து அதே பாட்டைக் குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டவே பெரியவர்களுக்கு நாக்கு குழறியிருக்கும்.

இந்தப் புத்தகங்களின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பன்னிரண்டு, பதினாறு பக்கம். நடுவில் ஒரு கம்பி ஊசி. சாணித்தாளைவிட ஒரு படி மேலான காகிதம். நாடு பட்டினியிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது, ஆடம்பரத்துக்கு வழியில்லை. அதனால் விளாதிமிர் லெபெதேவ் போன்ற ஓவியர்கள் அச்சகத்துக்கே போய் லித்தோ கல்லின்மேல் தாங்களே வரைந்தார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மூன்று நிறம், மிஞ்சினால் நாலு. நிழல் கிடையாது, பின்னணி கிடையாது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிவப்பு வட்டம், ஒரு கறுப்புச் செவ்வகம், அதற்கு இரண்டு கால், அது ஐஸ்கிரீம்காரர். புரட்சிக் காலத்தில் சுவரொட்டி வரைந்து பழகிய கை அது. ஓவியருக்கும் குழந்தைக்கும் நடுவில் படத்தைப் பார்த்து இன்னொருவர் நகலெடுக்கும் வேலையே இல்லை, கல்லில் இழுத்த கோடு அப்படியே குழந்தையின் மடிக்கு வருகிறது. நினைவகம் பத்தாத பழைய கணினிகளில் புரோகிராம் எழுதியவர்களுக்கு இது புரியும். வசதி இல்லை என்பதிலிருந்தே ஒரு நேர்த்தி வந்துவிடும்.

இந்த வேலை வெளிநாட்டுக்கும் எட்டியது. இங்கிலாந்தில் நோயல் காரிங்டன் இந்த ரஷ்யப் புத்தகங்களைப் பார்த்துத்தான், அதே லித்தோ முறையில், 1940இல் பெங்குவின் நிறுவனத்துக்காக 'பஃபின் படப்புத்தகங்கள்' வரிசையைத் தொடங்கினார். விலை ஆறு பென்ஸ்.

லெபெதேவும் மர்ஷாக்கும் சேர்ந்து செய்தவற்றில் 1926இல் வந்த 'பகாஷ்' எனக்கு உயிர். லக்கேஜ் என்று அர்த்தம். ஒரு சீமாட்டி ரயிலில் சாமான் புக் செய்கிறாள். சோஃபா, சூட்கேஸ், பை, படம், கூடை, அட்டைப்பெட்டி, ஒரு குட்டி நாய். ஏழு உருப்படி, அதற்கு ரசீது. வழியில் குட்டி நாய் இறங்கி ஓடிவிடுகிறது. ஒரு ஸ்டேஷனில் எண்ணிப் பார்க்கிறார்கள், ஒன்று குறைகிறது. ஊழியர்களுக்குக் கைகால் உதறல். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு பெரிய தெருநாய் வருகிறது. அதைப் பிடித்து உள்ளே தள்ளிக் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தம்மா இது என் நாயில்லை என்று கூச்சல் போட, வழியில் வளர்ந்திருக்கும் என்று பதில் சொல்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எண்ணிக்கை சரி, சரக்கு வேறு. எங்கள் தொழிலில் வாரம் ஒருமுறையாவது இப்படி ஒரு நாயை நாங்களும் உள்ளே தள்ளுவோம்.

*

1928 பிப்ரவரி 1ஆம் தேதி 'பிராவ்தா'வில் 'முதலை'யைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லெனினின் மனைவி நதேழ்தா க்ருப்ஸ்கயா, கல்வித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். இதில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பதே அவர் கேள்வி. நிஜ முதலையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை, பிதற்றல், முதலாளித்துவக் கசடு. நம் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை என்று முடித்தார். க்ருப்ஸ்கயா கெட்ட மனுஷி இல்லை. எழுத்தறிவில்லாத ஒரு நாட்டுக்குப் பள்ளிக்கூடமும் நூலகமும் கொண்டுபோகப் பாடுபட்டவர், பயனில்லாத காகிதத்தைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த இடத்தில் இருப்பவர் எரிச்சல்பட்டால் அது விமர்சனமாக நிற்காது. கார்க்கி பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சுக்கோவ்ஸ்கியை ஆதரித்தார். கொஞ்ச நாள் மூச்சுவிட முடிந்தது. அடுத்த வருஷம் கிரெம்ளின் மழலையர் பள்ளியின் பெற்றோர்கள் கூட்டம் போட்டு, 'சுக்கோவ்ஸ்கித்தன'த்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். பெற்றோர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

1929 டிசம்பரில் 'லிதரத்தூர்னயா கஸேத்தா'வில் சுக்கோவ்ஸ்கியின் கடிதம் வெளியானது. தன் பழைய கதைகள் தவறு, அவற்றைக் கைவிடுகிறேன், இனி 'மகிழ்ச்சியான கூட்டுப்பண்ணை' என்று குழந்தைகளுக்கு ஒரு புத்தக வரிசை எழுதுவேன் என்ற உறுதிமொழியின் கீழே அவர் பெயர்.

அவருடைய கடைசிக் குழந்தை மூரா 1920இல் பிறந்தவள். பல பாடல்களுக்கு முதல் வாசகி, சிலவற்றில் பாத்திரம். இலைக்குப் பதிலாகச் செருப்பும் காலுறையும் காய்க்கும் மரம் ஒன்றின் பாட்டில், அப்பா பறித்துவந்து கொடுப்பது அவள் காலுக்குத்தான். கடிதம் வந்த அந்தச் சமயத்தில்தான் மூராவுக்கு எலும்புக் காசநோய் கண்டது. கண், கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனது. கிரிமியாவில் அலுப்கா என்ற கடற்கரை ஊரின் சானடோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலோடு கிடந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கதையும் பாட்டும் சொன்னார், அவள் தன் கற்பனைகளை அவருக்குச் சொன்னாள். 1931 நவம்பரில் இறந்துபோனாள். பதினோரு வயது.

'மகிழ்ச்சியான கூட்டுப்பண்ணை'யில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. வயதான காலத்தில் அந்தக் கையெழுத்தைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது, மகளின் நோயைத் தனக்குக் கிடைத்த தண்டனையாகத் தான் பார்த்ததை அவரே சொல்கிறார். நோய்க்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மால் சொல்லிவிட முடியும். தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் அந்தத் தர்க்கம் எடுபடாது.

*

லெனின்கிராதின் நெவ்ஸ்கி சாலையில், உச்சியில் கண்ணாடிக் கோளம் வைத்த பழைய சிங்கர் தையல் மெஷின் கம்பெனிக் கட்டடம் இருக்கிறது. ஐந்தாவது மாடியில் மர்ஷாக்கின் குழந்தைப் புத்தக அலுவலகம். சிரிப்புச் சத்தம் ஓயாத இடம் என்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு எழுதி அச்சில் பார்க்க வழியில்லாத தனீல் கார்ம்ஸ், அலெக்சாந்தர் வெதென்ஸ்கி போன்ற விசித்திரக் கவிஞர்களை மர்ஷாக் குழந்தைகளுக்கு எழுத வைத்தார். மாலுமிகளையும் பொறியாளர்களையும்கூட உட்கார வைத்து எழுத வைத்தார். மத்வேய் ப்ரோன்ஷ்தெய்ன் என்ற இளம் இயற்பியலாளர் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் 'சூரியப் பொருள்' என்று சிறுவர்களுக்காக எழுதினார். ஈர்ப்பு விசையையும் குவாண்டம் கொள்கையையும் இணைக்க முயன்ற முதல் ஆட்களில் ஒருவர் அவர். அங்கே எடிட்டராக இருந்த லீதியா அவர் மனைவி. சுக்கோவ்ஸ்கியின் மூத்த மகள்.

இனி நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1931 டிசம்பரில் கார்ம்ஸும் வெதென்ஸ்கியும் கைதானார்கள், குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத கவிதை எழுதி சோவியத்துக்கு எதிராக வேலை செய்தது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கார்ம்ஸின் சமோவார் பாட்டுக்குப் படம் வரைந்த வேரா யெர்மலாயெவா சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்து கால் விளங்காமல் போனவர், ஊன்றுகோலில் நடப்பவர். 1934இல் கைது, 1937இல் கரகந்தா முகாமில் சுட்டுக் கொன்றார்கள். 1936இல் 'பிராவ்தா' லெபெதேவின் படங்களைக் கிறுக்கல் என்று தாக்கியது, அதற்குப் பிறகு அவர் வரைந்ததெல்லாம் கேக் டப்பா படம். (கடுமையாகச் சொல்கிறேன். பயந்த கை வரைந்தது தெரிகிறது.) 1937இல் அலுவலகமே கலைக்கப்பட்டது. குழந்தைப் பத்திரிகை ஆசிரியர் நிகலாய் அலேய்னிகோவ் அந்த நவம்பரில் சுடப்பட்டார், ப்ரோன்ஷ்தெய்ன் 1938 பிப்ரவரியில். வயது முப்பத்தொன்று. பத்து வருஷச் சிறை, கடிதப் போக்குவரத்து கிடையாது என்று லீதியாவிடம் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது பின்னால்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதே 1937இல் 'சீழ்' என்ற பாலர் பத்திரிகையில் கார்ம்ஸின் சின்னப் பாட்டு ஒன்று வந்தது. ஒரு மனிதர் கோலும் மூட்டையுமாக வீட்டைவிட்டு நடக்கிறார், நேராகவே போகிறார், தூங்காமல் போகிறார், ஒரு நாள் விடிகாலையில் இருண்ட காட்டுக்குள் நுழைகிறார், காணாமல் போகிறார். எங்காவது பார்த்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று முடிகிறது. குழந்தைகளுக்குக் குதித்துக்கொண்டே சொல்லத் தோதான தாளம். அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல அவர் எழுத்தை யாரும் வாங்கவில்லை. 1941இல் மறுபடி பிடித்துப்போனார்கள். முற்றுகையிலிருந்த லெனின்கிராதில், 1942 பிப்ரவரி 2ஆம் தேதி, சிறை மருத்துவமனையில் பட்டினியால் செத்தார்.

மர்ஷாக் மாஸ்கோவுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். ஸ்டாலின் பரிசுகளும் வாங்கினார், அதற்கேற்ற பாட்டுகளும் எழுதினார். சுக்கோவ்ஸ்கியும் பிழைத்தார். இவர்களை வீரர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 1964இல் ஒன்று நடந்தது. லெனின்கிராதில் இருபத்து மூன்று வயது யோசிஃப் ப்ராட்ஸ்கி மீது, வேலை செய்யாமல் சமூகத்தில் ஒட்டுண்ணியாக வாழ்கிறான் என்று வழக்கு. சொந்த நாட்டில் அவர் கவிதை முதலில் அச்சானதே 1962இல் ஒரு சிறுவர் பத்திரிகையில்தான், ஒரு குட்டி இழுவைப்படகைப் பற்றிய பாட்டு. நீதிமன்றத்துக்கு அவருக்காகத் தந்தி அடித்தவர்களில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள், சுக்கோவ்ஸ்கியும் மர்ஷாக்கும். ஒருவருக்கு வயது எண்பத்தொன்று. இன்னொருவர் அந்த ஜூலையில் இறந்துவிட்டார். பலன் ஒன்றுமில்லை, ஐந்து வருஷம் வடக்கே நாடுகடத்தல் என்றுதான் தீர்ப்பு வந்தது. 1929இல் கையெழுத்துப் போட்ட அதே கை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வழக்கை உலகம் இன்றைக்கும் அறிவது நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒரு பெண்மணி எழுதிய குறிப்புகளால். எழுதுவதை நிறுத்தச் சொன்னார் நீதிபதி. அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். கையால் நகலெடுத்தும் தட்டச்சு செய்தும் அது நாட்டுக்குள்ளே சுற்றியது, எல்லை தாண்டியும் போனது. பெயர் ஃப்ரீதா விக்தோரவா. ப்ராட்ஸ்கி விடுதலையாவதற்குச் சில வாரம் முன்னால், 1965 ஆகஸ்டில், புற்றுநோயில் போய்விட்டார். அவர் கணவர் பெயரைப் படித்தபோது ஸ்கிரீனை விட்டு எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். அலெக்சாந்தர் ரஸ்கின். நாயாக ஆசைப்பட்ட அந்த அப்பா. நோயில் கிடந்து கதை கேட்ட மகளுக்கு அம்மா இந்த ஃப்ரீதாதான்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எழுபத்தி மூன்று வயது, காது கொஞ்சம் மந்தம். முற்றத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். கார்ம்ஸ் செத்த விதத்தைச் சொன்னபோது இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். கடைசியில், "பாதி எனக்கு அப்பவே தெரியும் மாப்ளே. மீதியத் தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தேன்" என்றார். பிறகு, "ஆனா புத்தகம் நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. கட்சிக்காரராகக் கேட்கிறாரா, மாமாவாகக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. "நல்லா இருந்துச்சு மாமா" என்றேன். அது பொய்யில்லை.

'பகாஷ்' தமிழில் மாமாவின் பெட்டியில் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகம் இந்தப் பழைய புத்தகங்கள் பலவற்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. பக்கங்களை டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே நான் என் தமிழில் சொல்லுவேன். மகள் விரல்விட்டு எண்ணுவாள். சோஃபா, சூட்கேஸ், பை, படம், கூடை, பெட்டி. பெரிய நாய் வந்ததும் சிரிப்பாள், வளர்ந்திருச்சாம் என்று எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். பத்துத் தடவைக்கு மேல் ஆகிவிட்டது.

நேற்று ராத்திரி சிரித்து முடித்த பிறகு கேட்டாள்.

"அப்பா, குட்டி நாய் எங்க?"

"ஓடிப்போச்சுல்ல."

"ஓடி எங்க போச்சு?"

"அத அவங்க எழுதல பாப்பா."

முந்தின பக்கத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். அதற்கும் முந்தின பக்கத்துக்குப் போனாள். ரயில் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக நிறைய இடம் இருந்தது, லெபெதேவ் அப்படித்தான் விடுவார். அதில் விரலால் ஏதோ வரைந்தாள். திரையில் ஒன்றும் விழவில்லை, பக்கம்தான் நகர்ந்துவிட்டது. எழுந்து போய் என் மேஜையிலிருந்து ஒரு பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.